நன்னடத்தைக் கடிதம்

எங்கள் கட்டடத்துக்கு ஆமியில் இருந்தவன்தான் காவலாளியாக வேண்டும் என்று அடம்பிடித்தவர் தில்லைநாதன். வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் எங்கள் கட்டடம் இருக்கிறது. ஏழு மாடி, பதினான்கு வீடு. அநேகமானவர்கள் யாழ்ப்பாணத்தார். இரண்டாம் மாடியில் துணிக்கடை ஷிராஸ் இருக்கிறார். மூன்றாம் மாடியில், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்த நானும் மனைவி யோசெப்பினும். தில்லைநாதன் நிர்வாகக் குழுவின் தலைவர், ஷிராஸ் பொருளாளர், நான் செயலாளர். என்னைச் செயலாளர் ஆக்கியது என் திறமைக்காக அல்ல, என் சிங்களத்துக்காக. நாற்பது வருடம் கொழும்பில் இருந்தும் தில்லைநாதனுக்கு மீன்காரனோடு பேரம் பேசுகிற அளவுக்கு மேல் சிங்களம் வரவில்லை. பொலிஸ், மாநகரசபை, மின்சாரக்காரன் எல்லோரிடமும் கதைக்க ஒரு றேமண்ட் தேவைப்பட்டான்.

காவலாளி வேலை கேட்டு வந்த திலகசிறியை அவர் நேர்முகம் கண்டது ஐந்தாம் மாடியில், தன் வீட்டு வரவேற்பறையில். அவர் தமிழில் கேட்பார், நான் சிங்களத்தில் கேட்பேன். ஆமியில் இருந்தாயா? இருந்தேன். எங்கே? வடக்கில். எத்தனை வருடம்? மூன்று. பிறகு எழுந்து நிற்கச் சொன்னார், நடக்கச் சொன்னார், சல்யூட் அடித்துக் காட்டச் சொன்னார். மாடு வாங்கப் போனவன் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல் இருந்தது. அந்த மனுசன் காலை ஒன்று சேர்த்து அடித்த சல்யூட்டில் தில்லைநாதனின் முகம் மலர்ந்தது. ஆமியை விட்டு எப்படி விலகினாய் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மொழிபெயர்க்க உட்கார்ந்திருந்த நானும் கேட்கவில்லை.

தில்லைநாதனின் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். யுத்த காலத்தில் எங்கள் ஒழுங்கை முகப்பிலேயே சோதனைச் சாவடி இருந்தது. வேலை முடிந்து வந்த மனுசனை ஒரு மழைநாளில் ஒன்றரை மணித்தியாலம் அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி நிற்க வைத்திருக்கிறார்கள். அவர் மனைவி சரோஜினிதேவியின் தங்கச்சி, கணவனும் இரண்டு பிள்ளைகளுமாக வன்னியில் இருந்தவள். இரண்டாயிரத்து ஒன்பது தை மாதம் யாருடைய தொலைபேசியிலோ ஒருமுறை கதைத்தாளாம். பிறகு சத்தமே இல்லை. அந்த வீட்டில் அதைப் பற்றிக் கதைப்பதில்லை. சரோஜினிதேவி கூட்டங்களுக்குத் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுவார்.

இவ்வளவு பட்ட மனுசன் என்ன செய்ய வேண்டும்? அவர் செய்தது இது: தன் கார் கேற்றுக்குள் வரும்போது காவலாளி சல்யூட் அடிக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். லண்டனிலிருந்து வருகிற சொந்தக்காரரைக் கேற்றடியில் நிறுத்தி, ஒருகாலத்தில் சோதனைச் சாவடியில் எங்களை பஸ்ஸிலிருந்து இறக்கி ஏற்றினவர்கள் இப்போது எங்களுக்குக் கதவு திறக்கிறார்கள் என்று காட்டுவார். அவர்களும் சிரித்துக்கொண்டு படம் எடுப்பார்கள். உள்ளே வருகிறவர் எவரானாலும் அடையாள அட்டை இலக்கத்தைப் புத்தகத்தில் பதிய வேண்டும். வீட்டு வேலைக்கு வருகிற பெண்கள் திரும்பிப் போகும்போது பையைத் திறந்து காட்ட வேண்டும். ஹட்டனிலிருந்து வந்து நான்கு வீடு கூட்டித் துடைக்கிற வெள்ளையம்மாவின் பையில் என்ன இருக்கப்போகிறது? மிஞ்சிய சோறும் ஒரு மாற்றுச் சேலையும். திலகசிறி அவளுடைய பையைத் திறந்து பார்த்ததை நான் ஒருநாளும் காணவில்லை. தனக்குத் தெரிந்த இரண்டு தமிழ்ச் சொல்லில் 'போங்க அம்மா' என்று சொல்லி, கடல் பக்கம் திரும்பி நிற்பான்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். செருப்பை வெளியே கழற்றி வைத்துவிட்டு வந்தவன், உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த பத்திரிகைத் துண்டு ஒன்றை எடுத்துத் தந்தான். யுத்தம் முடிந்து பதினைந்து வருடமாகிறது, இவ்வளவு பெரிய ஆமி இனித் தேவையில்லை, ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்ற செய்தி. அதோடு ஓர் அறிவித்தல்: லீவில் போய்த் திரும்பி வராத சிப்பாய்கள் இருபதாம் தேதிக்கு முன் தாங்களாகவே தங்கள் படைப்பிரிவுத் தலைமையகத்துக்கு வந்தால், தண்டனை இல்லாமல் சட்டப்படி விலக்கப்படுவார்கள்.

நான் வாசித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அந்த ஆட்களில் தானும் ஒருவன் என்றான்.

கதையை அவன் நீட்டி முழக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்பது மாசி மாதம் புதுக்குடியிருப்புக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறான். வயது இருபத்திரண்டு. தூரக்கண்ணாடியில் பார்க்கும்போது, ஒரு பெண் தறப்பாள் கொட்டிலுக்கு முன்னால் கயிறு கட்டி, சின்னப் பிள்ளையின் சட்டை ஒன்றைத் தோய்த்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தாளாம். அடுத்தநாள் பார்த்தபோது கொட்டிலும் இல்லை, கயிறும் இல்லை. அந்தக் கிழமை நான்கு நாள் லீவு கிடைத்தது. போனான், திரும்பவில்லை. பெரிய மனச்சாட்சிக்காரன் என்று நினைக்க வேண்டாம் சேர், பயமும்தான் என்றான். அப்படிச் சொன்னதால்தான் நான் நம்பினேன்.

அதற்குப் பிறகு பதினைந்து வருடம் ஒளிப்பு. கல்கமுவையில் இருக்கிற தன் வீட்டுக்குப் போவதென்றால் இரண்டு தரிப்புக்கு முன்னமே பஸ்ஸை விட்டு இறங்கி, வயல் வரம்பால் இருட்டியபின் நடப்பான். தாயின் செத்தவீட்டுக்குப் போகவில்லை. இராணுவப் பொலிஸ் பார்த்துக்கொண்டு நிற்கும் என்று அண்ணன் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். மகளுக்குப் பத்து வயது. அவளுடைய பள்ளிக்கூடத்தின் வாசலை அவன் கண்டதில்லை. சட்டப்படி விலகிவிட்டால், பகலில், பெருந்தெருவால், தன் ஊருக்குள் நடந்து போகலாம். அவன் கேட்டது அவ்வளவுதான். அவனுக்கு முன்னால் போய் விலகி வந்த நண்பன் ஒருவன் சொல்லியிருக்கிறான், இந்த வருடங்களில் பாதாள உலகக் கோஷ்டிகளோடு சேராமல் ஒழுங்காக வேலை செய்தான் என்று ஒரு கடிதம் இருந்தால் அங்கே கேள்வி குறையும் என்று. ஆகவே இரண்டு நாள் லீவு வேண்டும், ஒரு நன்னடத்தைக் கடிதம் வேண்டும்.

அன்றைக்கு எட்டாம் தேதி. பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த இடத்திலேயே ஒரு தாளை எடுத்து நான்கு வரி எழுதி, கீழே றேமண்ட், செயலாளர் என்று போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். நான் செய்யவில்லை. துறைமுகத்துக்கு அருகில் ஒரு கப்பல் கம்பனிக் கந்தோரில் முப்பத்துநான்கு வருடம் எழுதுவினைஞனாக இருந்தவன் நான். தலைவரின் கையெழுத்தும் றப்பர் முத்திரையும் இல்லாமல் ஒரு கடிதத்தைக்கூட வெளியே அனுப்பியதில்லை என்று பெருமை பேசுகிறவன். எங்கள் கட்டடத்தின் முத்திரை தில்லைநாதனின் அலுமாரியில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் வைத்து முறைப்படி வாங்கித் தருகிறேன் என்றேன். அவன் கையைக் கூப்பிவிட்டுப் போனான்.

குசினியிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த யோசெப்பின், வெளியே வந்து என்னைப் பார்த்தாள்.

"முத்திரை இல்லாட்டி மனுசன் கெட்டவனாப் போயிடுவானா? நீங்களே எழுதிக் குடுத்தா என்ன?"

ஒழுங்கு என்று ஒன்று இருக்கிறது என்றேன். அவள் குசினிக்குத் திரும்பிப் போனாள்.

ஒழுங்கின்படி வெள்ளிக்கிழமை காலை கூட்டத்துக்கான நிகழ்ச்சி நிரலைத் தட்டெழுதி, கட்டடத்தின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஒன்று, லிஃப்ட் பராமரிப்பு. இரண்டு, மொட்டைமாடித் தண்ணீர்த் தாங்கி. மூன்று, குப்பை பிரித்தல். நான்கு, இராணுவத்திலிருந்து சட்டப்படி விலகுவதற்குக் காவலாளிக்குக் கடிதம் வழங்கல். பதினான்கு வீட்டுக்கும் போயிற்று. லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கிற வீட்டுச் சொந்தக்காரருக்கும் போயிற்று. ஒரு மனுசன் பதினைந்து வருடமாக மூடி வைத்திருந்ததை எண் போட்டு எழுதினவன் நான்தான். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் வாசித்தும் பார்த்தேன்.

அரை மணித்தியாலத்தில் தில்லைநாதன் என்னை மேலே கூப்பிட்டார். ஷிராஸும் இருந்தார். திலகசிறி ஆமியை விட்டு ஓடி வந்தவனா என்று தில்லைநாதன் கேட்டார். ஓம் என்றேன். எப்போது, ஏன் என்று விளங்கப்படுத்தத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். ஓடினவன் எல்லாம் பாதாளக் கோஷ்டி, தினமும் செய்தியில் சொல்கிறார்கள், நாளைக்கு இவனைத் தேடி வந்தால் பிடிபடப்போவது தமிழரின் கட்டடம் என்றார். அந்தப் பயத்தை என்னால் பொய் என்று சொல்ல முடியாது. எங்கள் எல்லோருக்கும் அது எலும்புக்குள் ஊறிக் கிடக்கிறது. ஆனால் பயத்தோடு அவர் நிற்கவில்லை.

"யோசிச்சுப் பாரும், றேமண்ட். சொந்த ஆமியையே ஏமாத்திப்போட்டு வந்தவன். இவன் எங்கட கேற்றை எப்பிடிக் காப்பான்? சண்டையில கடைசி மட்டும் நிக்கிறவன்தான் ஆம்பிளை."

யாரோடு நடந்த சண்டை, யாருக்கு எதிராகக் கடைசிவரை நின்றிருக்க வேண்டும் என்று கேட்க வாய் வந்தது. சாப்பாட்டு மேசைக்கு மேலே, சுவரில், சரோஜினிதேவியின் தங்கச்சி மாலை போடாத படத்தில் சிரித்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறாளா இல்லையா என்று தெரியாததால் மாலை போடவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே இருந்துகொண்டு இந்த மனுசன் இதைச் சொல்கிறார். எனக்கு வந்த அருவருப்பில், தேத்தண்ணீரோடு வந்த வடையைக் கடிக்காமலே தட்டில் திரும்ப வைத்தேன். ஷிராஸ் தரையைப் பார்த்தபடி, தேவாலயங்களில் குண்டு வெடித்து முஸ்லிம் கடைகளை எல்லாம் சோதித்த வருடத்துக்குப் பிறகு தனக்குப் பொலிஸ் என்றாலே காய்ச்சல் வரும், தன்னை இதில் சேர்க்க வேண்டாம் என்றார். கூட்டத்தில் பேசி முடிவெடுப்போம் என்று சொல்லிவிட்டு நான் இறங்கி வந்தேன். அதையும் ஒரு வீரம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கூட்டம்வரை தில்லைநாதன் காத்திருக்கவில்லை, தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவருக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டார். சனிக்கிழமை காலை ஏழரை மணிக்குப் பொலிஸ் வந்தது. பால் பைக்கற் வாங்கிக்கொண்டு நான் கேற்றுக்கு வரும்போது ஜீப் நின்றது. சீருடையில் இரண்டு பேர். திலகசிறி தன் காவல் கூட்டிலிருந்து வெளியே வந்து, வழக்கம்போலப் புத்தகத்தை விரித்துப் பேனையை நீட்டினான். எவரானாலும் பதிய வேண்டும் என்பதுதானே சட்டம். அவர்களும் சிரித்துக்கொண்டே பெயரும் நேரமும் எழுதினார்கள். யாரைப் பார்க்க வந்தீர்கள் என்ற இடத்தில் அவனுடைய பெயரை எழுதினார்கள். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

அவன் ஓடவில்லை. இடுப்பிலிருந்து திறப்புக் கொத்தைக் கழற்றி என்னிடம் தந்தான். தண்ணீர் மோட்டர் ஓடுகிறது, எட்டு மணிக்கு நிற்பாட்ட வேண்டும், இல்லாவிட்டால் தாங்கி வழியும் என்றான். என் முகத்தை ஒரு கணம் பார்த்தான். நான்தான் காட்டிக்கொடுத்தேன் என்று நினைக்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. இல்லை என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது? மேலே நிமிர்ந்து பார்த்தேன். ஐந்தாம் மாடி பல்கனியில் தில்லைநாதன் சாரத்தோடு நின்று, கீழே நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் முத்திரை இல்லாமல், நானே கடிதம் எழுதினேன். யோசெப்பின் ஒரு சோற்றுப் பார்சல் கட்டித் தந்தாள், இரண்டையும் கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். பொலிஸில் இருந்த அதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். ஆளை இராணுவப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது என்றார். இன்னும் எட்டு நாள் இருக்கிறதே, அவன் தானாகப் போகத்தான் இருந்தான், அதற்குத்தான் இந்தக் கடிதம் என்று நீட்டினேன். அவர் அதை முழுவதும் வாசித்தார். பிறகு, நல்ல கடிதம், ஆனால் அந்த அறிவித்தல் தானாக வருகிறவனுக்கு, பிடிபட்டவனுக்கு அல்ல, இனி இராணுவ நீதிமன்றம்தான் என்று சொல்லித் திருப்பித் தந்தார். ஒரு நாள் முந்தி வந்திருக்கலாமே என்றும் கேட்டார். சோற்றுப் பார்சலைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோக வெட்கமாக இருந்தது. காலி வீதியில் லொத்தர்ச் சீட்டு விற்கிற ஒருவரிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நடந்தது. லிஃப்ட், தாங்கி, குப்பை. நான்காவது விடயம் இனித் தேவையில்லை என்று தலைவர் சொன்னார். நான் அதைக் கோடு கிழித்து வெட்டினேன். எல்லாரும் வடை சாப்பிட்டார்கள். லண்டன்காரர் ஒருவர் வட்ஸ்அப்பில் பெருவிரல் படம் போட்டிருந்தார்.

அன்று பின்னேரம் நான் பதவி விலகுகிறேன் என்று யோசெப்பினிடம் சொன்னேன். அதற்கும் ஒரு கடிதம் எழுதி முத்திரை குத்தப் போகிறீர்களா என்று கேட்டாள். அன்றிலிருந்து ஒரு கிழமை எனக்கு முன்னால் சாப்பாட்டை வைத்தாளே தவிர, கூட இருந்து சாப்பிடவில்லை. நான் விலகவும் இல்லை. விலகினால் சிங்களத்துக்கு ஆள் இல்லை என்று தில்லைநாதன் சொன்னார், தங்கிவிட்டேன்.

இருபதாம் தேதிதான் புது ஆள் ஐந்தாம் மாடிக்கு நேர்முகத்துக்கு வந்தான், ஷிராஸும் இருந்தார். அந்தத் தேதி தில்லைநாதனுக்கு ஞாபகம் இருந்திருக்காது. எனக்கு இருந்தது. வந்தவனுக்கு ஐம்பது வயதிருக்கும், ஓய்வுபெற்ற சார்ஜன்ட். சான்றிதழ்களை எல்லாம் பிளாஸ்ரிக் உறையில் போட்டு அடுக்கி வைத்திருந்தான். திலகசிறி நின்ற அதே இடத்தில் நின்று, சொல்வதற்கு முன்னமே சல்யூட் அடித்தான்.

இந்தத் தடவை தில்லைநாதன் கேள்வியை மறக்கவில்லை.

"கடைசி மட்டும் நிண்டவரோ எண்டு கேளும்."

கேட்டேன். வந்தவன் நெஞ்சை நிமிர்த்தி, கடைசி நாள்வரை நின்றேன், நந்திக்கடல் கரையில் நின்றேன் என்று சொன்னான். நான் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். தில்லைநாதன் திருப்தியோடு தலையாட்டினார். இதுதான் ஆள், அரைவழியில் விட்டுவிட்டு ஓடுகிறவன் இல்லை, முதலாம் தேதியிலிருந்து வரச் சொல்லும் என்றார்.

சரோஜினிதேவி தேத்தண்ணீர்த் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. தட்டை மேசையில் வைத்தார். வழக்கம்போல உள்ளே போகவில்லை.

"றேமண்ட் அண்ணை, அந்தப் பிள்ளை எப்ப ஓடினது?"

"ஒன்பதாம் ஆண்டு மாசியில."

"எங்கையிருந்து?"

"புதுக்குடியிருப்புப் பக்கமாம்."

அவர் கொஞ்ச நேரம் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். பிறகு கணவனின் பக்கம் திரும்பினார். சத்தம் உயரவில்லை.

"தங்கச்சியாக்கள் அப்ப அங்கதான் இருந்தவை. அவன் ஓடினதால அவையளுக்கு நேர பிடிச்ச துவக்கில ஒண்டு குறைஞ்சது. எங்களுக்காக ஆமியைக் குறைச்சவன் அவன் ஒருத்தன்தான். அவனைத்தான் நீங்கள் பிடிச்சுக் குடுத்தனீங்கள். இவரைக் கேற்றில வைக்கிறியள்."

தில்லைநாதன் உள்ளே போகும்படி சொன்னார். அவர் போகவில்லை. மேசையோரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். ஷிராஸ் எழுந்து செருப்பைத் தேடினார். அந்த வீட்டில் பதினைந்து வருடமாகப் பேசாமல் கிடந்ததைச் சரோஜினிதேவி பேசிவிட்டார். நானும் பேசியிருக்கலாம். முத்திரைக்காகக் காத்திருந்தவன் நான், குழுவில் எண் போட்டு எழுதினவன் நான் என்று சொல்லியிருக்கலாம்.

புது ஆளுக்குத் தமிழ் தெரியாது. ஏதோ தவறு நடக்கிறது என்று மட்டும் அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். பிளாஸ்ரிக் உறைகளை மார்போடு அணைத்துக்கொண்டு, வீட்டு நோனா என்ன சொல்கிறார் என்று மெதுவாக என்னிடம் கேட்டான்.

தேத்தண்ணீர் ஆறுவதற்கு முன்னால் குடிக்கச் சொல்கிறார் என்று சிங்களத்தில் சொன்னேன்.